கேமராவுக்கு எழுதிய அபராதம்

சிக்னல் கம்பத்தில் கேமரா வைத்துவிட்டார்கள். அதற்கு யூனிஃபார்ம் தெரியாது, நம்பர் பிளேட்தான் தெரியும். போன மாதம் எங்கள் பழைய ஸ்டேஷன் ஏட்டு ஒருவருக்கே ஹெல்மெட் இல்லாமல் போனதற்காக அபராதம் வந்துவிட்டதாம். ஸ்டேஷனே இழவு விழுந்த வீடு மாதிரி இருக்கிறது என்று கலையரசி போனில் சொல்லிச் சிரித்தாள். என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பெண். இப்போது டிராபிக்கில் சப்-இன்ஸ்பெக்டர்.

"போலீசுக்கும் அதே சட்டம்தான்னு ஒரு கூட்டம் போடறோம் மேடம். புதுப் பசங்க எல்லாம் வருவாங்க. நீங்க வந்து பேசணும். உங்கள விட்டா இதப் பேசறதுக்கு யாரு இருக்கா? அந்த போட்டோவ ஸ்கிரீன்ல பெருசா போடப் போறோம்."

அந்த போட்டோ. அவள் சொன்ன உடனேயே எனக்கு உடம்பு கூசியது. ஓய்வு பெற்று லாஸ்பேட்டை வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பவளை இன்னும் அது விடவில்லை.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பைக். அதன்மேல் ஹெல்மெட் இல்லாமல் ஓர் இன்ஸ்பெக்டர். எதிரே ஒரு பெண் ஏட்டு, விறைப்பாக நின்று அவருக்கே அபராதச் சீட்டு எழுதுகிறாள். அவர் தலையைக் குனிந்து லேசாகப் புன்னகைக்கிறார். பின்னால் ஜனங்கள் கைதட்டுகிறார்கள். அந்த ஏட்டு நான். எல்லாப் பேப்பரிலும் வந்தது. எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் திருவிழா பேனரில்கூட, எம்.எல்.ஏ. படத்துக்குக் கீழே என்னைப் போட்டார்கள். கூட்டத்துக்குப் போனேன். அங்கே சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் முதலியார்பேட்டைக்காரி. அப்பா மில்லில் தறி ஓட்டியவர். மில் படுத்துக்கொண்ட வருஷம்தான் எனக்கு போலீசில் வேலை கிடைத்தது. கோரிமேட்டில் பயிற்சி. ஓடினோம், உருண்டோம், சட்டத்தை மனப்பாடம் செய்தோம். அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேலைக்கு வந்த பிறகு கற்றுக்கொண்ட முதல் பாடம்தான் பெரிய பாடம். அது ஒரே ஒரு சொல்: ஸ்டாஃப்.

வண்டியை நிறுத்துவீர்கள். ஓட்டி வருபவர் மஃப்டியில் இருப்பார். லைசென்ஸ் எடுக்கக் கை போகாது. "ஸ்டாஃப்" என்பார், அவ்வளவுதான். நீங்கள் நகர்ந்து வழிவிட வேண்டும். அவருடைய மச்சான் வருவார், "மச்சான் ஸ்டாஃப்" என்பார். வீட்டுக்காரி ஸ்கூட்டரில் போலீஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதற்கும் வழி. நிறுத்திவிட்டால் சாயங்காலம் ஸ்டேஷனில் நாம்தான் குற்றவாளி. "இன்னா, ஆள் தெரியாம நிறுத்திட்டியாமே" என்று கேட்பார்கள். நானும் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறேன். சொல்லாதவர் யார் என்று எனக்குத் தெரியாது.

அவசரத்துக்குப் போகிற வண்டிக்குச் சட்டமே சலுகை கொடுத்திருக்கிறது. சைரன் போட்டுக்கொண்டு போகட்டும், நானே கையைக் காட்டி மற்றவர்களை நிறுத்துவேன். எங்கள் ஸ்டேஷனில் அவசரம் என்றால் என்ன தெரியுமா? நேரு வீதிப் பக்கத்து ஒருவழிப்பாதையில் எதிர்த்திசையில் போனால் டிபன் கடை சீக்கிரம் வரும். சுற்றிப் போனால் இட்லி ஆறிவிடும். அந்த அவசரம்.

இன்ஸ்பெக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேவநாதன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்த மாட்டார். கெட்ட வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. கர்சீப்பால் நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். எதிரே நிற்பவர் கான்ஸ்டபிளாக இருந்தாலும் "உக்காரும்மா, உக்காருப்பா" என்பார். எதைச் சொல்வதற்கு முன்னாலும் டீ வரும். டீ வரும்வரை உங்கள் பிள்ளையின் படிப்பைப் பற்றி விசாரிப்பார். திட்டுகிற அதிகாரியை எதிர்த்துப் பேசிவிடலாம். டீ வாங்கிக் கொடுக்கிறவரிடம் என்னத்தைப் பேசுவது?

அந்தத் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் ஒருநாள் எங்கள் ஆள் ஒருவர் ஒருவழிப்பாதையில் எதிராக, ஹெல்மெட்டும் இல்லாமல் வருவதை போனில் படம் பிடித்துவிட்டார். "மிஷே, இந்தச் சட்டம் எங்களுக்கு மட்டுந்தானா?" என்று பிரெஞ்சு மரியாதையோடு அவர் கேட்பதும், நம்மாள் "ஸ்டாஃப்" என்று சொல்லிவிட்டுப் போவதும் அதில் தெளிவாக இருந்தது. ஊர் முழுக்க அதைப் பார்த்துச் சிரித்தது. ஹெல்மெட் போடாதவனை நிறுத்தினால், "மொதல்ல உங்காள நிறுத்துங்க" என்று எங்களிடமே சொன்னான்.

இரண்டு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். டீ வந்தது.

"நம்ம பேரு கெட்டுப்போச்சும்மா. சரி பண்ணணும். நாளைக்கு நான் ஹெல்மெட் இல்லாம பைக்ல வருவேன். நீ நிறுத்தி எனக்கு ஃபைன் போடற."

"உங்களுக்கா சார்?"

"எனக்குத்தான். பத்திரிகைக்காரங்க வருவாங்க. நீ சிரிக்கக் கூடாது, என்ன? நான்தான் லேசா சிரிப்பேன்."

அவர் பைக் ஓட்டியே நான் பார்த்ததில்லை. ஜீப்தான். பைக், ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டருடையது. அண்ணா சாலை சிக்னலில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, நான் நிற்க வேண்டிய இடத்தில் செங்கல் துண்டால் கோடு போட்டார்கள். முதல் தடவை அவர் வந்தபோது ஒரு டவுன் பஸ் நடுவில் புகுந்து மறைத்துவிட்டது. திரும்பிப் போய் மறுபடியும் வந்தார். இரண்டாவது தடவை நான் கையைக் காட்டினேன், அவர் நின்றார். "சார், சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் சார்" என்று சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். விஷயம் தெரியாத ஜனங்கள் நிஜமாகவே கைதட்டினார்கள். பூ விற்கிற அம்மா ஒருத்தி வந்து என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

அன்றைக்கு எனக்கு வெட்கமாக இல்லை. அதைத்தான் இப்போது நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பெருமையாக இருந்தது. நாடகமாக இருந்தால் என்ன, நாலு பேர் இதைப் பார்த்து ஹெல்மெட் போட்டால் நல்லதுதானே என்று நினைத்தேன். பீச் ரோட்டில் வெளியூர்க்காரர்கள் எங்கள் கான்ஸ்டபிள்களின் சிவப்புத் தொப்பியோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்கு போட்டோவுக்கு நிற்பது பழகிய வேலை. இதுவும் அப்படி ஒன்று என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் போயிருக்கும். ஒருநாள் மத்தியானம் சிக்னலில் நிற்கிறேன். முந்தானையில் ரத்தக் கறையோடு ஒரு பெண் ரோட்டைக் கடந்து நேராக என்னிடம் வந்தாள்.

"நீங்கதான அந்த போட்டோ அக்கா?"

"யாரும்மா நீ?"

பெயர் அஞ்சலை. புருஷன் ஏழுமலை, பெரிய மார்க்கெட்டில் இருந்து கடைகளுக்கு வாழைத்தார் ஏற்றிப் போகிற மூன்று சக்கர வண்டிக்காரன். காலையில் ஒருவழிப்பாதையில் ஒழுங்கான திசையில் மிதித்துக்கொண்டு போயிருக்கிறான். எதிரே போலீஸ் ஜீப். தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஜீப்பிலேயே தூக்கிப்போட்டுக் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, வண்டி தானாகக் கவிழ்ந்ததாகச் சொல்லிவிட்டு டிரைவர் போய்விட்டார்.

"டேசன்ல போய்ச் சொன்னா, உம் புருஷன் லோடு தாங்காம வுழுந்தான்றாங்க. மார்க்கெட்டுல எல்லாரும் சொன்னாங்க, அந்த அக்காகிட்ட போ, அது இன்ஸ்பெக்டரையே வுடலன்னு. ஜீப்பு இட்ச்சதுன்னு ஒரே ஒரு வார்த்த எழுதணுங்க்கா. கேசு போட்டாத்தான் எதனா கெடைக்குமாம். இனிமே அதால வண்டி மிதிக்க முடியாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. மூணு புள்ளைங்கக்கா."

சிக்னலைக் கான்ஸ்டபிளிடம் விட்டுவிட்டு அவளோடு போனேன். தெருவை இன்னும் கழுவவில்லை. நசுங்கிய பழம், அதன்மேல் ஈ.

விபத்து நடந்த இடத்தில் முதலில் எதையும் தொடக் கூடாது. நிலையாக நிற்கிற ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கரண்ட் கம்பம், வாசற்படி, சாக்கடை மூடி, ஏதாவது ஒன்று. அங்கிருந்து டேப் பிடித்து ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். பிறகு சாக்பீஸ். பிறகு வரைபடம், வடக்கு எந்தப் பக்கம் என்ற அம்புக்குறியோடு. நான் மஞ்சள் சுவர் வீட்டு வாசற்படியைப் பிடித்துக்கொண்டேன். தானாகக் கவிழ்கிற வண்டி பக்கவாட்டில் சாயும், சுமையும் அங்கேயே கொட்டும். இங்கே பழக்கூழ் ஒரு ஆள் நீளத்துக்கு மேல் இழுபட்டிருந்தது. ஏழுமலை எந்தப் பக்கமிருந்து வந்தானோ அந்தப் பக்கத்துக்கே. எதிரே இருந்து ஏதோ ஒன்று அவனை வந்த வழியே தள்ளியிருக்கிறது. ஸ்டேஷன் முற்றத்தில் கிடந்த அவன் வண்டியைப் போய்ப் பார்த்தேன். முன்சக்கரம் அப்பளமாக மடங்கி உள்ளே போயிருந்தது. நம் ஜீப்பின் பம்பரில் புது நசுக்கல்.

சாட்சிக் கையெழுத்துக்குத் தெருவில் கேட்டேன். கடைக்காரர்கள் ஒருவரும் பார்க்கவில்லையாம். கதவைத் திறந்து வந்தவர் அதே சொல்தாதான். "நான் பார்த்தேன். ஜீப் எதிரே வந்தது" என்று வாக்குமூலம் சொல்லி, நீட்டமாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பித் தரும்போது, "உன்னை நம்பிப் போடறேன்மா" என்றார்.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் உட்காரச் சொன்னார். டீ வந்தது. பையனுக்குக் காலேஜ் அட்மிஷன் முடிந்ததா என்று கேட்டார். பிறகு என் வரைபடத்தைப் பொறுமையாகப் பார்த்தார்.

"நல்லா போட்டிருக்கம்மா. ஆனா ஜீப் எமர்ஜென்சியா போச்சு."

"என்ன எமர்ஜென்சி சார்?"

"அத யோசிச்சுச் சொல்றேன்."

"டிபன் வாங்கப் போச்சுன்னு டிரைவரே சொல்றாரு சார்."

அவர் முகத்தில் கோபம் வரவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "உன் வரைபடத்த நான் கிழிக்க மாட்டேன். ஃபைல்ல இருக்கட்டும். நான் மட்டும் வண்டி தானா கவுந்ததுன்னுதான் எழுதுவேன். அந்தப் பொண்ணு கோர்ட்டுக்குப் போகும். உன்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவாங்க. போ, உண்மையச் சொல்லு, நான் தடுக்கல. ஆனா ஒண்ணு யோசிச்சுக்க. நம்ம வக்கீல் உன்கிட்ட முதல்ல அந்த போட்டோவப் பத்தித்தான் கேப்பாரு. அப்ப என்ன சொல்லுவ?"

அவ்வளவுதான். என்னை வேறு ஸ்டேஷனுக்கு மாற்றவில்லை, ஒரு மெமோகூட இல்லை. அதே சிக்னலில் வைத்திருந்தார். போகிற வருகிறவர்கள் எனக்கு வணக்கம் வைத்துக்கொண்டே போனார்கள்.

அஞ்சலை போட்ட நஷ்டஈட்டு வழக்கு விசாரணைக்கு வர வருஷங்கள் ஆயின. அதற்குள் சொல்தா பிள்ளைகளோடு இருக்கப் பிரான்ஸுக்குப் போய்விட்டார். போன இடத்தில் இறந்தும்விட்டார்; நேரில் வராதவர் வாக்குமூலம் கோர்ட்டில் எடுபடாது. இன்ஸ்பெக்டர் பதவி உயர்வில் போய்விட்டார். மிச்சம் இருந்தது என் வரைபடமும் நானும்தான்.

அது சின்ன அறை. ஃபேன் சத்தம்தான் பெரிதாக இருந்தது. பத்திரிகைக்காரர் யாரும் இல்லை, பழைய விபத்து வழக்குக்கு யார் வருவார்? ஏழுமலை ஊன்றுகோலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அஞ்சலை, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவர்கள் வக்கீல் நல்ல பிள்ளை, அனுபவம் போதாது. எடுத்த உடனேயே அந்த போட்டோ வந்த பேப்பரை நீட்டி, தன் இன்ஸ்பெக்டருக்கே அபராதம் போட்ட நேர்மையான அதிகாரி இவர் என்று நீதிபதியிடம் சொன்னார். பேப்பரை அஞ்சலைதான் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தாளாம்.

நான் அளவுகளைச் சொன்னேன். வாசற்படி, பழக்கூழ், முன்சக்கரம். ஒன்றிலும் தடுமாறவில்லை. பிறகு ஜீப் தரப்பு வக்கீல் எழுந்தார். அந்த அளவுகளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"இந்தப் படத்துல இருக்கறது நீங்கதான?"

"ஆமாங்க."

"இன்ஸ்பெக்டர நீங்களா புடிச்சீங்களா? இல்ல, முன்னாடியே பேசிவெச்சு எடுத்த படமா?"

சத்தியம் செய்துவிட்டு நிற்கிறேன். ஆமாம், நானாகத்தான் பிடித்தேன் என்றால் பொய். அன்றைக்கு இருந்தவர்களில் யாராவது ஒருவரைக் கூட்டிவந்து அந்தப் பொய்யை உடைத்துவிடலாம். உடைக்காவிட்டாலும் பொய் பொய்தான். அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தைரியமாகச் சொல்லுங்கள் என்கிற மாதிரி தலையை ஆட்டினாள்.

"பேசிவெச்சதுங்க."

"யாரு சொல்லி நின்னீங்க?"

"இன்ஸ்பெக்டர் சொல்லி."

"அப்ப, யாராவது சொன்னா, தெருவுல நின்னு இல்லாதத இருக்கற மாதிரி செஞ்சு காட்டுவீங்க."

அவர் வரைபடத்தைக் கையில் எடுத்தார்.

"இந்த வரைபடம் யாரு சொல்லிப் போட்டது?"

"யாரும் சொல்லலங்க. நானே போட்டது."

அவர் நீதிபதியைப் பார்த்து லேசாகப் புன்னகைத்தார். படத்தில் இன்ஸ்பெக்டர் சிரித்திருப்பாரே, அதே மாதிரி. வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

பாதிக்கப்பட்டவரைத் தவிர ஒரே ஒரு சாட்சி, அந்தச் சாட்சியும் நம்பத்தக்கவர் அல்ல என்று தீர்ப்பில் வந்தது. ஜீப்பின் மேல் போட்ட வழக்கு தள்ளுபடி. நான் அன்றைக்குச் சொன்னது அத்தனையும் உண்மை. என் சர்வீசில் அவ்வளவு சுத்தமாக உண்மை பேசியது அன்றைக்கு ஒருநாள்தான். அதுதான் ஏழுமலையைக் கவிழ்த்தது.

தீர்ப்புக்கு முன்பே, சாட்சி சொன்ன அன்றைக்கே வராந்தாவில் அஞ்சலை என்னிடம் வந்தாள். சண்டை போட்டிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால், வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவள் குரலே எழும்பவில்லை.

"அது நெசமில்லியாக்கா?"

"இல்லம்மா."

"நான் அத நம்பித்தான வந்தேன்."

பிளாஸ்டிக் உறையில் இருந்த பேப்பரை என் கையில் கொடுத்துவிட்டு, ஏழுமலையின் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்துப் படியிறங்கினாள். இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்புக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜீப் இருந்தது, என்னிடம்கூட பைக் இருந்தது. கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது கூட்டத்துக்கு வருகிறேன். ஸ்கிரீனில் ஆள் உயரத்துக்கு அந்தப் படம். புதுப் பையன்களும் பெண்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கலையரசி என்னைப் புகழ்ந்து முடித்ததும் மைக்கைப் பிடித்தேன். சுற்றி வளைக்கவில்லை.

"இந்தப் படம் நாடகம். நான் ஃபைன் போடல. போடற மாதிரி நின்னேன்."

கலையரசி முகத்தில் ஈயாடவில்லை. பிறகு முன்வரிசையில் ஒரு பையன் எழுந்து, "நாடகமா இருந்தா என்ன மேடம், மெசேஜ் கரெக்டா இருக்குல்ல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள். அஞ்சலை என்று நான் ஆரம்பித்தபோது கைதட்டல் அடங்கவில்லை. சால்வையைக் கொண்டுவந்து தோளில் போட்டு, மேடை முன்னால் நிற்கவைத்து, எல்லோரோடும் போட்டோ எடுத்தார்கள். அதற்கும் நின்றேன்.

சாப்பாடெல்லாம் முடிந்து, சாயங்காலம் வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்தேன். தலைக்குள் என்னென்னவோ ஓடிக்கொண்டிருந்தது. ஹெல்மெட் ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடியில் தொங்குவதைக் கவனிக்காமலே வந்திருக்கிறேன். ராஜீவ் காந்தி சிலையைத் தாண்டியதும் ஒரு இளம் கான்ஸ்டபிள் கை காட்டினான். நின்றேன். கிட்டே வந்து பார்த்ததும் சிரித்துவிட்டான். காலையில் இவனும் கூட்டத்தில் இருந்தவன்தான்.

"அடடே, நீங்களா மேடம். ஸ்டாஃப்தான, போங்க போங்க."

"ஹெல்மெட் போடலப்பா. எழுது."

"சும்மா இருங்க மேடம்."

"ஃபைன் போடற மிஷினை எடுத்து எழுதுப்பா. நான் நகர மாட்டேன்."

பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். அவனுக்கு ஏதோ புரிந்த மாதிரி முகம் மலர்ந்தது. சிவப்புத் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். சட்டையை இழுத்துவிட்டு, ரோட்டின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தேடினான்.

"போட்டோ யாரு மேடம் எடுக்கறாங்க?"

"யாரும் எடுக்கலப்பா."

மிஷினைப் பிடித்த கை அப்படியே நின்றது. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

"அப்ப எதுக்கு மேடம்?"